எர்த்துக் குழிக்குத் தண்ணி

கிட்ட வந்து உக்காரு ரெஜினா, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு ஒட்டி உக்காரு, மூக்கு கண்ணாடியில படட்டும், அப்பத்தான் நான் மனசுக்குள்ள சொல்றது உனக்குக் கேக்கும். வாயால சொன்னா மட்டும் கேட்டுருமா என்ன. நடுவுல இத்தனை தடிமனுக்குக் கண்ணாடி, என் மூஞ்சியில துணி, உனக்கோ ஒரு காதுல ஓட்டை, இன்னொரு காது மந்தம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற கெட்டிக்காரி நீ, இன்னைக்கு என் உதடும் உனக்கில்லை. நான் பாட்டுக்கு இந்த ஸ்டூல் மேல உக்காந்து டிரம்மு சுத்துறதைப் பார்த்துட்டிருக்கேன். சுத்துது. வெள்ளித் தாள் சுத்தின உருளை, அது மேல கண்ணுக்குத் தெரியாத நூல் வந்து வந்து விழுந்து, காலையில இருந்து விழுந்து, இப்பத்தான் கொஞ்சம் வெளுப்புத் தட்டியிருக்கு. கோழிமுட்டையை அவிச்சு உரிச்சா ஓட்டுக்கு அடியில ஒரு சவ்வு வருமே, அந்த மாதிரி. அதுதான் உன் காதுக்குள்ள போகப் போகுது. நெத்திப் பொட்டு அளவுக்கு வெட்டி எடுத்து ஓட்டையில வெப்பாங்க. இந்த ஆய்வுக்கூடத்து மேடம் சொன்னாங்க, கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி இது, உடம்புல இருக்கிற உயிரணு எல்லாம் இதைப் பிடிச்சு ஏறி, சொந்தச் சவ்வை நெய்ஞ்சுக்கும், அப்புறம் சாரம் தானாக் கரைஞ்சு போயிரும்னு. நான் அதை அவரைக்கொடியாத்தான் நெனைச்சுக்குவேன். கொடி ஏறி முடிஞ்சதும் பந்தல் காணாமப் போனா எப்படியிருக்கும், கொடி மட்டும் காத்துல நிக்கும். நிக்குமா. நிக்கும்னு சொல்றாங்க. டிக். என்ன அது.

ஒண்ணுமில்லை. மேல ஓட்டுத் தகரம் வெயில்ல விரியற சத்தமா இருக்கும். சித்திரை வெயில், ஒரு சொட்டு மழையில்லை, கோயமுத்தூர்னு பேரு, காத்து அடுப்பு வாயில இருந்து வர்றாப்புல வருது. இந்த ரூமுக்குள்ள மட்டும் குளுகுளுன்னு இருக்குது, அதுவும் எனக்காக இல்லை, நூலுக்காக. என் காதைப் பத்தி உனக்குத் தெரியும். எங்க ஊட்டுக்காரர் ரங்கசாமி பஞ்சுமிட்டாய் வண்டி வெச்சிருந்தப்போ, தேர்த்திருவிழாவுல அத்தனை மேளத்துக்கு நடுவுல, மோட்டாருக்குத் தொண்டை கட்டுறது எனக்குக் கேக்கும். கேட்டதும் சர்க்கரையைக் குறைங்கம்பேன். அவரு குறைப்பாரு. இங்க வேலைக்கு வந்த அன்னைக்கு மேடம் இந்த மெஷினைக் காட்டி விளக்கினப்போ, அட பஞ்சுமிட்டாய்ங்கன்னுட்டேன், நீ பின்னாடி நின்னு சிரிச்சே. அங்க சூடும் சுத்துற வேகமும் இழுக்கும், இங்க கரண்டு இழுக்குது, அவ்வளவுதானே அம்மிணி. ஊசி முனையில கஞ்சி மாதிரி ஒரு சொட்டு நிக்கும், கரண்டை ஏத்தினா அந்தச் சொட்டு கூம்பி, கூம்பு நுனியில இருந்து நூல் கெளம்பி, பாம்பு நெளியற மாதிரி நெளிஞ்சு டிரம்முக்குத் தாவும். நல்லாப் போறப்போ சத்தமே இருக்காது. ஒரு சீறல், தூங்குற குழந்தை மூச்சு விடுற அளவுக்கு. அந்தச் சீறல் இப்பவும் கேக்குது. கேக்குது. டிக். இது தகரம் இல்லை. தகரம் வெளிய இருந்து வரும், இது கீழ இருந்து, டிரம்மோட கால் பக்கமா இருந்து வருது.

நிறுத்தாதீங்க மாராத்தாக்கா, நடுவுல நிறுத்தினா அந்த இடத்துல ரெண்டு அடுக்காப் பிரிஞ்சிரும், தாள் வீணு. ஆனா நிறுத்தணும்னா நிறுத்திருங்க. இதுதான் நளாயினி மேடம் சொல்லிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, உன்ற ஆபரேஷன் விஷயமாத்தான். நிறுத்தாதீங்க, நிறுத்தணும்னா நிறுத்திருங்க. படிச்சவங்க பேச்சு எப்பவும் இப்படித்தான், ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்ச அண்டா மாதிரி, எந்தப் பக்கம் பிடிச்சாலும் நம்ம கைதான் சுடும். செவப்புப் பொத்தான் என் முட்டிக்குப் பக்கத்துல இருக்குது. ஒரு அழுத்து, எல்லாம் நின்னுரும். அப்புறம். இந்தக் கஞ்சி கரைக்கிற துகள் இந்த டப்பாவோட சரி. அடுத்தது கப்பல் ஏறி வந்து, சோதிச்சு, ஒப்புதல் ஆகி, நம்ம கைக்கு வர்றதுக்குள்ள ஐப்பசி அடைமழை பிடிச்சுக்கும். மழை வந்தா உன் காது சீழ் வடிக்கும், ஒவ்வொரு மழைக்கும் வடிக்குது. இன்னொரு தரம் வடிஞ்சா உள்ள இருக்கிற குருணையாட்டம் எலும்பு அரிச்சுரும், அதுக்கப்புறம் எந்தச் சவ்வை வெச்சும் புண்ணியமில்லைன்னு டாக்டரம்மா உன்னை உக்கார வெச்சு, மெதுவா, உதடு தெரியற மாதிரி சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன். நீ தலையாட்டிட்டு, வெளிய வந்து என்ன சொன்னே, எக்கா, ஓட்டைக் காதை மாமியாருக்குன்னு தனியா வெச்சிருந்தேன், அதை அடைச்சா வீட்டுல சண்டை வருமேன்னே. சொல்லிட்டுச் சிரிச்சே. அப்புறம் பஸ்ஸுல ஊடு வர்ற வரைக்கும் அந்தக் காதை முந்தானையால பொத்திட்டே வந்தே. ரெண்டு தரம் உன் காதுக்குப் பின்னாடி கீறி உன் சவ்வையே எடுத்து ஒட்டினாங்க, நிக்கலை. உங்க ஊரு மணப்பாட்டுக் கடல்ல அண்ணனுங்களோட போட்டி போட்டு முங்கினப்போ அலை அறைஞ்சு கிழிச்ச காது அது. டிக். இப்ப டிக்குக்கும் டிக்குக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சிருச்சா, இல்லை எனக்குத்தான் அப்படிக் கேக்குதா.

அவரு கடைசியாப் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலயும் இதே பம்புதான். ஊசிக்குழலைப் படுக்க வெச்சு, பின்னாடி இருந்து அணு அணுவாத் தள்ளுமே, அச்சு அசல் இதேதான். அங்க மருந்து, இங்க கஞ்சி. ராவும் பகலும் அதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அது தள்ளிட்டே இருக்கிற வரைக்கும் அவரு இருப்பாருன்னு எனக்குள்ள ஒரு கணக்கு. அது தீர்ந்து கூவுச்சுன்னா நர்சு வந்து மாத்துவாங்க, அந்த மாத்துற நேரத்துக்கு நான் மூச்சு விட மாட்டேன். இப்பவும் பாரு, இதுல கஞ்சி கால்வாசிக்கும் கீழ வந்துருச்சு, எனக்கு மூச்சு மேலயே நிக்குது. துணி உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருக்குது, நீ பார்க்கிறே. கன்னம் ஆடுறதை வெச்சே பாதி பிடிச்சிருவேன் எக்கான்னு ஒரு நாள் சொன்னியே, அது நெசமா, சும்மா அடிச்சு விட்டியா. சுவத்துல இருக்கிற பெட்டி வழியா நீங்க பேசுறது எனக்குக் கேக்குது. தயாபரன் சார் அந்தப் பக்கப் பொத்தானை அழுத்தியே வெச்சிருக்காரு. அவரு தரம் பார்க்கிறவரு, உன்னைக் காவல் காக்கிறதும் இன்னைக்கு அவரு வேலை. பிஸ்கட்டு மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் வருது. "ஏம்மா, கண்ணாடியை நக்கிடாதே," அப்படிங்கிறாரு. "என் தாளு சார், பெண்ணு பார்க்க வந்த மாதிரி பார்த்துக்கிடுதேன்." "பார்க்கலாம், தொடக் கூடாது." "தொட்டா கெட்டுப் போற அளவுக்கு நான் என்ன மோசமாவா இருக்கேன்." அவரு சிரிக்கிறாரு. நல்ல மனுசன்தான். அவரு கிட்ட டிக் டிக்குன்னு கேக்குதுங்கன்னு சொன்னா எந்திரிச்சு வந்து ஒரே அழுத்தா அழுத்திருவாரு, அது அவரு வேலை, தப்பில்லை. தாள் ஆனதுக்கு அப்புறம் நானே சொல்வேன், நடுவுல சத்தம் கேட்டுச்சு சார்னு. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்க்கட்டும். நூல் நல்லா இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்லை, அது யாருக்காகவும் பொய் சொல்லாது. ஆனா ஆகறதுக்கு முன்னாடியே போச்சுன்னா பார்க்கிறதுக்கே ஒண்ணும் இருக்காதே.

கை அரிக்குது. ஒட்டடை பட்ட மாதிரி. சட்டைக் கை மேல என்னமோ பூத்திருக்கு. பூஞ்சைக்காளான் மாதிரி வெள்ளையா, மெல்லிசா, மயிர் மயிரா. ரெஜினா, நூல் என் மேல வருது. பெட்டியோட மூடிச் சந்து வழியா வெளிய வந்து என் கை மேல உக்காருது. டிரம்முக்குப் போக வேண்டியது என்னைத் தேடிட்டு வருது. அசையாதே மாராத்தா. கையைத் தட்டினா தூசு பறக்கும். இந்த நூலுக்குப் புத்தி ஒண்ணே ஒண்ணுதான், மண்ணு எங்கன்னு தேடும், மண்ணோட சேர்ந்திருக்கிறது எதுவோ அதுக்குத் தாவும். டிரம்முக்கு அடியில ஒரு பச்சைக் கம்பி, அது சுவத்தைத் தாண்டி வெளிய போயி, பைப்புக்குப் பக்கத்துல இருக்கிற எர்த்துக் குழியில மண்ணுக்குள்ள இறங்குது, அதனாலதான் நூலுக்கு டிரம்மு மேல அத்தனை ஆசை. இப்ப அந்த ஆசை விட்டுப் போச்சு. டிரம்முக்கு மண்ணு இல்லை. அதுக்குப் போன கரண்டு போக வழியில்லாம அங்கயே தேங்கி, தேங்கி, தாங்க முடியாதப்போ எங்கயோ ஒரு இடைவெளியைத் தாவுது. டிக். அதுதான் டிக். எங்க இடைவெளி. கம்பி இங்க நல்லாத்தான் இருக்குது, முறுக்கி வெச்ச நட்டு அப்படியே இருக்குது, என் கண்ணு முன்னாடி இருக்குது. அப்ப வெளிய. குழியில. போன வருசம் கரண்டு வேலைக்கு வந்த கிட்டான்னு ஒருத்தரு குழி மூடியைத் தூக்கிப் பார்த்துட்டு என்ன சொன்னாரு. பிடிப்பு அரிச்சுப் போச்சுங்க, ஈரம் இருக்கிற வரைக்கும் சேறே பிடிச்சுக்கும், தெனமும் உப்புப் போட்டு ஒரு வாளி ஊத்திட்டே இருங்க, நான் வந்து மாத்தித் தர்றேன். அவரு வரவேயில்லை. நாம மறந்தே போனோம், ஏன்னா தெனமும் காலையில ஒருத்தி ஊத்திட்டு இருந்தா.

யாரு ஊத்தினது. நீதான் ஊத்துவே. வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, எர்த்து சாமிக்கு அபிஷேகம்னு சொல்லிட்டு வாளியைத் தூக்கிட்டுப் போவே. உன் பேரு ஆபரேஷனுக்கு வந்ததும் மேடம் கூட்டிவெச்சு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. யாருக்குப் போகுதோ அவங்க கை அந்தத் தாள்ல படக் கூடாது, ரெஜினா கரைசல் கலக்கக் கூடாது, ஊசி மாட்டக் கூடாது, டிரம்முக்குத் தாள் சுத்தக் கூடாது, ரூமுக்குள்ள கால் வெக்கக் கூடாது. உன் வேலையை எல்லாம் பிரிச்சு ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டோம். வாளியை யாரும் எடுத்துக்கலை. வாளி இந்தத் தாளுக்கு ஒறவுன்னு ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. உனக்குமா தோணலை. நீ அன்னையில இருந்து எதைத் தொட்டாலும் பாவம்னு கையைக் கட்டிட்டு நிக்கிறே. இந்த வெயிலுக்குக் குழி காஞ்சு சருகாட்டம் ஆயிருக்கும். போதாததுக்கு நெழலுக்குன்னு சார் வண்டியைக் கொண்டு போயி அந்த மூடி மேலயே நிறுத்தியிருக்காரு, இங்கிருந்தே தெரியுது, உன் தலைக்குப் பின்னாடி பின்கதவு தொறந்து கெடக்குது, பைப்பு, வேம்பு, வண்டி. நான் எந்திரிச்சுப் போக முடியாது. இந்தக் கதவைத் தொறந்தா வெளிக்காத்து உள்ள வந்து நூலை எல்லாம் கலைச்சுரும். பெட்டிப் பொத்தானை அழுத்திப் பேசினா சாருக்கும் கேக்கும். டிக். டிக். டிரம்மோட இந்தப் பக்கத்து ஓரத்துல வெளுப்பு கம்மியாத் தெரியுதே, வெள்ளித் தாள் பளிச்சுன்னு எட்டிப் பார்க்குதே. அந்தப் பளிச்சு வெரல்கடை அகலத்துக்கு வந்துட்டா நிறுத்திருவேன். மெலிஞ்ச தாளை உன் காதுக்குள்ள போக விட மாட்டேன், அதுக்கு ஐப்பசி மழையே பரவாயில்லை. பரவாயில்லையா. இல்லை. ஆனாலும் நிறுத்திருவேன். கை பொத்தான் மேலயே இருக்குது. நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னா.

பாரு ரெஜினா. என் கையைப் பாரு. சட்டைக் கையை மெதுவா, ரொம்ப மெதுவா, கண்ணாடிப் பக்கம் திருப்புறேன், ஒடம்பு வலியில கையை நீட்டுற கெழவி மாதிரி. வெள்ளைப் பூப்பூவா இருக்குது பாரு. நீ எத்தனை தரம் இந்தப் பூவைப் பார்த்திருப்பே, நட்டு லூசானப்போ எல்லாம் பார்த்திருக்கே. தண்ணி. தண்ணின்னு சொல்றேன், துணிக்குள்ள. தண்ணி அம்மிணி, குழிக்குத் தண்ணி. துணி உள்ள போகுது, வெளிய வருது. நீ என் கையைப் பார்க்கிறே. என் கன்னத்தைப் பார்க்கிறே. அப்புறம் என்ன இது, மூஞ்சியைத் திருப்பிட்டே. பையை எடுத்து மடியில வெச்சு சாப்பாட்டு அடுக்கைத் தொறக்கிறே. இப்பவா பசிக்குது உனக்கு. "எம்மா தாயே, என்ன அது," சாரோட குரல், பிஸ்கட்டு நின்னு போச்சு. "கருவாட்டுக் குழம்பு சார். நெத்திலி. நேத்தையது. இன்னைக்குத்தான் ருசி." "இங்கயா தொறப்பாங்க." "நீங்கதானே சார் என்னைக் கண்ணு மறைவாப் போகக் கூடாதுன்னீங்க." "கண்ணு மறைவா வேண்டாம், மூக்கு மறைவாப் போ. அந்தப் பைப்படியில போயி முடிச்சுட்டுக் கழுவிட்டு வா. நான் இங்கிருந்தே பார்த்துக்கிறேன்." "நீங்க சொல்லித்தான் போறேன், பெறகு மேடம் கிட்ட என்னை மாட்டி விடாதீங்க." "நான்தான் சொன்னேன், போம்மா." நீ போறே. திரும்பியே பார்க்கலை. எனக்கு வாய்க்குள்ள உப்புக் கரிக்குது, பயத்துல உதட்டைக் கடிச்சிருக்கேன் போல.

பைப்படியில குந்தி உக்காந்து நாலு வாய் அள்ளித் தின்னுட்டு, எந்திரிச்சு நின்னு ஏதோ கத்துறே. உன் குரல் பெட்டிக்குத் தூரமா, மெல்லிசா வருது. "சார், மீன் தண்ணி உங்க வண்டியில தெறிக்கும். பெறகு வீட்டுல அக்கா ஏத்த மாட்டாங்க." சார் எந்திரிச்சு ஓடுறாரு. அவரே தள்ளி நிறுத்துறாரு. டிக். டிக். பளிச்சு ஒரு நூல் அகலம் கூடிருச்சு. சீக்கிரம் ஆத்தா. நீ உன் தூக்குப்போசியைத் தொறந்து, உப்புப் போட்டுக் கரைச்ச நீராகாரம் முழுசையும், வயிறு வலிக்குதுன்னு சார் கிட்டச் சொல்லி ஒரு வாய்கூடக் குடிக்காம, அந்த மூடி மேல ஊத்துறே. மூடியில இருக்கிற ஓட்டை வழியா அது இறங்குது. பின்னாடியே குழம்புச் சட்டி. பின்னாடியே பைப்புத் தண்ணி. டிக். நான் எண்ணலை, மூச்சைத்தான் பிடிச்சிருக்கேன். டிக். மண்ணு குடிக்கணும், அதுக்குப் பசி அதிகம், எத்தனை நாளாக் காஞ்சு கெடக்குது. சீறல். வெறும் சீறல். டிக் வரலை. வரும். வரலை. சட்டைக் கை மேல ஆடிட்டிருந்த பூ அப்படியே படிஞ்சு கெடக்குது, புதுசா ஒண்ணும் வந்து உக்காரலை. டிரம்மு ஓரத்துல அந்தப் பளிச்சு மேல வெள்ளை மெதுவா, பால்ல ஆடை கட்டுற மாதிரி கட்டுது. தூங்குற குழந்தை மூச்சு. இது கேக்காமயே நீ இத்தனை வருசம் இந்த ரூமுல வேலை செஞ்சிருக்கே ரெஜினா, நல்லாப் போகுதுன்னு நான் கட்டை வெரலைக் காட்டினாத்தான் உனக்குத் தெரியும். இதைக் கேளு நீ. உனக்குக் கேக்கோணும்.

கஞ்சி இன்னும் மிச்சம் இருக்குது. நீ அங்க குந்தி, கழுவின அடுக்கை மறுபடி எடுத்து, மண்ணைப் போட்டுத் தேய்க்கிறே. பைப்பு ஒழுகி அந்தக் குழிக்கே போயிட்டு இருக்குது. "என்னம்மா, இன்னுமா," சார் கேக்கிறாரு. "வாசம் போகலை சார்." "போயிருச்சு, எனக்கு அடிக்கலை." "எனக்கு அடிக்குது சார். காதுதான் மந்தம், மூக்கு நல்லா வேலை செய்யுது." அவரு உன்னைப் பார்த்தாரு, குழி மூடியைப் பார்த்தாரு, திரும்பி கண்ணாடி வழியா என்னைப் பார்த்தாரு. என் கை இன்னும் பொத்தான் மேலயே இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் நாற்காலியில வந்து உக்காந்து பிஸ்கட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறாரு. தட்டைத் தேய்க்கிறே, அடுக்கு மூடியைத் தேய்க்கிறே, வெள்ளையா மின்னுற சட்டியை மறுபடி தேய்க்கிறே, வெயில் உன் முதுகு மேலயே நிக்குது, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டுத் தேய்க்கிறே. ஊசிக்குழல் தீருது. தீர்ந்து பம்பு கூவுது. அந்தக் கூவலுக்கு நர்சு வருவாங்கன்னு ஒரு கணம் கதவைப் பார்த்து, அப்புறம் நெனப்பு வந்து, ஒவ்வொண்ணா அணைக்கிறேன், கரண்டு, பம்பு, டிரம்மு. உனக்கு அந்தக் கூவல் கேட்டிருக்காது. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறேன். நீ நிமிர்ந்து பார்க்கிறே, பைப்பைத் திருகி மூடுறே, கையை முந்தானையில துடைச்சுட்டு, அடுக்கு, தட்டு, சட்டி, தூக்குப்போசி எல்லாத்தையும், வண்டிச் சக்கரம் வைக்க ஒரு இடம் விடாம, அந்தக் குழி மூடி மேலயே ஒவ்வொண்ணாக் கவுத்து வெக்கிறே.